கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

(வானொலி வேளாண் உரை)

இன்றைக்கு நாம் பேசப் போவது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நீர்ச் சுழற்சி என்று ஒரு பாடம், பாறைகள் என்று ஒரு பாடம், மண் என்று ஒரு பாடம். பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்து எழுதிவிட்டு மறந்து விடுகிறார்கள். ஆனால் இந்த மூன்று பாடமும் ஒன்று சேருகிற இடம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் கிணறு.

கிணற்றில் தண்ணீர் குறைந்துபோனால் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பத்தடி வெட்டுகிறோம். அதுவும் போதாதென்றால் போர் வண்டியைக் கூப்பிடுகிறோம். முந்நூறு அடி, அறுநூறு அடி, ஆயிரம் அடி என்று போய்க்கொண்டே இருக்கிறது. நகையை அடகு வைத்துப் போட்ட போரில் வெறும் புழுதி கிளம்பி நொந்துபோன குடும்பம் எத்தனையோ உண்டு. "ஆழமாகப் போனால் தண்ணீர் இருக்கும்" என்கிற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் காரணம். அது சரிதானா என்று வண்டி வருவதற்கு முன்னால் ஒரு தடவை யோசித்துப் பார்ப்போம்.

எல்லாம் மழைத் தண்ணீர்தான்

பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்று நம்மில் பலபேர் சொல்லுவாங்க. நாம் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். கடல் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே வடிந்து, உப்பு நீங்கி, மேலே ஊற்றாக வருகிறது என்று படித்தவர்களே எழுதி வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் மட்டும் ஆற்றுக்கும் ஊற்றுக்கும் போதவே போதாது என்பது அவர்கள் எண்ணம்.

பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். சேன் ஆற்றின் தலைப்பகுதியில் எவ்வளவு மழை பெய்கிறது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு, 1674-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆற்றில் ஓடுகிற தண்ணீரைப் போல் ஆறு பங்கு மழையாகப் பெய்கிறது என்று தெரிய வந்தது. அப்புறம் எதற்குக் கடல் தண்ணீரைத் தேட வேண்டும்? ஆற்றுக்கும், ஊற்றுக்கும், கிணற்றுக்கும் முதல் போடுவது மழைதான்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

சரி, மழைத் தண்ணீர் உள்ளே போய் எங்கே தங்குகிறது? இதற்குப் பதில் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவான இடம் கடினப் பாறைப் பகுதி. கோவை, சேலம், தருமபுரி, நாமக்கல், திண்டுக்கல், மதுரை என்று உள்மாவட்டங்களில் பெரும்பாலான இடம் இப்படித்தான். அடியில் இருப்பது மிகப் பழைய பாறை. தருமபுரி, சேலம் பக்கத்துப் பாறைகளில் பல 250 கோடி ஆண்டு வயதானவை. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம் மலையில் கருநீலமாய் ஒரு கல் வெட்டுவார்களே, அதுவும் இந்தப் பழைய பாறைகளில் ஒன்றுதான். சார்னோக்கைட் என்று அதற்குப் பெயர்.

இந்தப் பாறை முழுக்கல்லாக இருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே புகாது. அம்மிக்கல்லில் தண்ணீரை ஊற்றினால் வழிந்துதானே ஓடுகிறது? ஆனால் மேலாக இருக்கிற பாறை, வெயிலும் மழையும் பட்டுப் பல்லாயிரம் ஆண்டாக மக்கிக்கொண்டே வருகிறது. இதில் உயிர்களுக்கும் பங்கு உண்டு. வேர்களும் மண்ணில் வாழுகிற நுண்ணுயிர்களும் நம்மைப் போலவே மூச்சு விடுகின்றன. அதனால் மண்ணுக்குள் இருக்கிற காற்றில் கரியமில வாயு, வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீர் இந்த வாயுவைக் கரைத்துக்கொண்டு, சோடாத் தண்ணீர் போல லேசான அமிலமாகிறது. அது பாறையில் இருக்கிற தாதுக்களை மெல்ல மெல்ல அரிக்கிறது. சில தாதுக்கள் களிமண்ணாகின்றன. வெண்கல் தாது கரையாமல் மணலாய் நிற்கிறது. இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. நம் செம்மண் வந்த வழி இதுதான்.

ஆகவே கிணறு வெட்டும்போது மேலிருந்து கீழே பார்த்தால் நான்கு அடுக்கு தெரியும். முதலில் மண். அதற்குக் கீழே சரளையும் மக்கிய பாறையும். கடப்பாரை போட்டால் உதிரும். சில இடத்தில் இது பத்தடிதான் இருக்கும், சில இடத்தில் நூறடி வரைக்கும் போகும். அதற்கும் கீழே விரிசல் விட்ட பாறை. வெடி வைத்துத்தான் எடுக்க முடியும். கடைசியில் விரிசலும் இல்லாத முழுப்பாறை.

தண்ணீர் தங்குவது இரண்டாவது அடுக்கிலும் மூன்றாவது அடுக்கிலும்தான். கிணற்றுச் சுவரில் ஊற்றுக்கண் என்று சொல்கிறோமே, அது இந்த விரிசலின் வாய்தான்.

காவிரிப் படுகையிலும் கடலோரத்திலும் நிலைமை வேறு. அங்கே ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. நிறையத் தண்ணீர் பிடிக்கும். நெய்வேலிப் பக்கம் அழுத்தத்தோடு மேலே பீறிட்டு வருகிற அளவுக்கு அடியில் நீர் உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோதுதான் அங்கே பழுப்பு நிலக்கரி இருப்பது வெளியே தெரிந்தது. ஆனால் கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அப்படி உப்பு ஏறிய கிணறுகள் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்குப் பாறை நிலத்துக் கிணறு மட்டும்.

நூறு படியில் எத்தனை படி?

ஒரு பாத்திரம் நிறைய மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் நிறைந்த பிறகும் தண்ணீர் போகும். மணிக்கு மணி இருக்கிற சந்தில் அது தங்குகிறது. அடியில் ஓட்டை போட்டால் அதில் ஒரு பங்கு வடிந்து வெளியே வரும். கிணற்றுக்குக் கிடைப்பது இந்த வடிகிற பங்குதான். ஆற்று மணல் கலந்த வண்டலில் நூறு படிக்குப் பதினைந்து படி வரைக்கும் இப்படி வடியும். மக்கிய பாறையில் இரண்டு மூன்று படிதான். முழுப்பாறையில் அரைப்படிகூடத் தேறாது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு புதிர் விளங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கிணறு கிடுகிடுவென்று ஏறுகிறது. பங்குனி, சித்திரை வந்தால் அதே வேகத்தில் இறங்கிவிடுகிறது. ஏன்? சந்து குறைவு. குறுகலான குப்பியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாலே மட்டம் உயர்ந்துவிடும், கொஞ்சம் எடுத்தாலே இறங்கிவிடும். அதுபோலத்தான். ஒரு வருஷத்து மழையில் 90 மில்லிமீட்டர் அளவு உள்ளே இறங்கினால், நம் பாறையில் கிணற்று மட்டம் 10 அடியிலிருந்து 15 அடி வரைக்கும் ஏறும். பார்க்க நிறைய ஏறியது போல இருக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் கொஞ்சம்தான்.

ஆழத்தில் ஏன் இல்லை?

கீழே போகப் போக மேலே இருக்கிற பாறையின் பாரம் கூடிக்கொண்டே போகும். பாரம் கூடக்கூட விரிசல்கள் இறுகி மூடிக்கொள்ளும். அதனால் ஆழத்தில் விரிசல் அரிதாகிவிடுகிறது. ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைக்கவே கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. சில இடத்தில் ஆழமான விரிசல் ஒன்று அகப்பட்டு, தண்ணீர் பீறிட்டு வருவதும் உண்டு. ஆனால் அந்த விரிசலுக்கு மேலேயிருந்து எவ்வளவு மழைத் தண்ணீர் இறங்கி வருகிறது என்பதுதான் கேள்வி. வருவது கொஞ்சமாகவும் எடுப்பது நிறையவும் இருந்தால், பல காலமாகச் சேர்ந்திருந்த தண்ணீர் இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துபோகும். பக்கத்துத் தோட்டக்காரர் அதே விரிசலில் இன்னொரு போர் போட்டால், புதுத் தண்ணீர் வராது. இருக்கிற தண்ணீருக்கு இரண்டு வாய் ஆகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கையும் பாருங்க. ஆறரை அங்குலக் குழியில் ஆயிரம் அடி போர் போட்டு, அது அடியிலிருந்து வாய்வரை நிறைந்து நின்றாலும், குழிக்குள் இருப்பது 6,500 லிட்டர்தான். இருபதடி குறுக்களவு உள்ள வட்டக் கிணற்றில் வெறும் பத்தடித் தண்ணீர் நின்றால் அது 89,000 லிட்டர். ராத்திரி முழுக்க மெதுவாக ஊறுகிற தண்ணீரைச் சேர்த்து வைக்கிற தொட்டி திறந்த கிணறுதான். போர் வந்ததும் பழைய கிணற்றைக் குப்பை போட்டு மூடிவிடாதீங்க.

ஆழத்துக்கு இன்னொரு செலவும் உண்டு. நூறடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை ஏற்றுவதைவிட எண்ணூறு அடியிலிருந்து ஏற்ற எட்டு மடங்கு சக்தி வேண்டும். மோட்டாரும், குழாயும், ஒயரும் அதற்குத் தக்கபடி கூடும்.

தண்ணீரின் குணமும் மாறலாம். பாறைக்குள் நெடுநாள் தங்குகிற நீரில் பாறையின் தாதுக்கள் கரைகின்றன. அதில் ஒன்று புளோரைடு. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. வளருகிற பிள்ளைகள் பல ஆண்டு அதைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். மிக அதிகமானால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லை இருந்ததால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோகும் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே புதுப் போர்த் தண்ணீரைச் சோதனை செய்யாமல் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்காதீங்க.

குச்சி பார்க்கலாமா?

வேப்பங்குச்சி, தேங்காய் வைத்து ஊற்றுப் பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. "அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்ததே" என்று கேட்பீங்க. மக்கிய பாறை கெட்டியாக இருக்கிற இடத்தில் எங்கே வெட்டினாலும் கொஞ்சமாவது தண்ணீர் வரும். அதைக் குச்சி சொன்னதா, குச்சி இல்லாமலே வந்திருக்குமா என்று பிரித்துப் பார்க்க முடியாது. புற்றும் மரமும் வைத்து நீரோட்டம் சொல்லுகிற வழக்கமும் பழையது. வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு நியாயம் உண்டு. கரையானுக்கு ஈரம் வேண்டும், பச்சை மரத்துக்கும் ஈரம் வேண்டும். ஆனால் அது மேல்மட்டத்து ஈரம். எண்ணூறு அடியில் இருக்கிற விரிசலைக் கரையான் அறியாது.

இப்போது மின்தடை ஆய்வு என்று ஒரு முறை உண்டு. தரையில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்துவார்கள். காய்ந்த முழுப்பாறை மின்சாரத்தைத் தடுக்கும், ஈரமான மக்கிய பாறை விட்டுக் கொடுக்கும். அதை வைத்து மக்கிய பாறை எவ்வளவு கனம் என்று ஓரளவு சொல்லலாம். வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். இதுவும் நூற்றுக்கு நூறு வாக்கு இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைவிட மேல்.

வரவும் செலவும்

இனி வீட்டுக் கணக்கைப் போலவே தண்ணீருக்கும் ஒரு வரவு செலவு போடுவோம். பிள்ளைகள் பென்சில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். தமிழ்நாட்டில் சராசரியாக ஆண்டுக்கு 920 மில்லிமீட்டர் பெய்கிறது. கணக்குக்கு 900 என்று வைத்தால், ஓர் ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகவும், செடிகொடிகளின் இலைவழி மூச்சாகவும் வானத்துக்கே திரும்பிவிடும். ஒரு பகுதி ஓடையில் ஓடிவிடும். பாறைப் பகுதியில் நிலத்தடிக்குச் சேருவது நூற்றுக்கு 5 முதல் 11 பங்கு என்று, நிலத்தடி நீர் மதிப்பீட்டுக்கான 1997-ஆம் ஆண்டு முறையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்துப் பங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 3,60,000 லிட்டர். இது வரவு.

செலவைப் பாருங்க. ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர், அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் வேண்டும். முழுவதும் கிணற்றிலிருந்தே பாய்ச்சினால் 13 ஏக்கர் நிலத்தின் ஒரு வருஷ வரவு தீர்ந்தது. கட்டின தண்ணீரில் ஒரு பகுதி திரும்ப உள்ளே இறங்கும், பயிர்க் காலத்து மழையும் கைகொடுக்கும், அதனால் பாதி என்று வைத்தாலும் ஆறு ஏழு ஏக்கர் ஆகிறது. கரும்புக்கு 2,000 மில்லிமீட்டர் வேண்டும். நிலக்கடலைக்கு 500 போதும். உளுந்துக்கு 300 இருந்தால் ஆகும். நெல்லே போடக்கூடாது, கரும்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. உங்கள் நிலத்தின் வரவு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

வரவைக் கூட்டும் வழி

மழையை நாம் கூட்ட முடியாது. உள்ளே இறங்குகிற பங்கைக் கூட்டலாம். இங்கேதான் மண்ணின் உயிர் நமக்கு உதவி செய்கிறது. வெறும் நிலத்தில் மழைத்துளி ஓங்கி அறைந்தால், மண் கட்டி உடைந்து, பொடி சந்துகளை அடைத்து, மேலே மெழுகியது போல ஓடு கட்டிவிடும். அப்புறம் பெய்கிற மழை வழிந்து ஓடும். தழையும் சருகும் மூடிய நிலத்தில் துளி நேரே அறையாது. மண்புழு போட்ட துளையும், மக்கிப்போன வேர் விட்ட பாதையும் தண்ணீருக்கு வாய்க்கால் ஆகும். நுண்ணுயிர்களும் பூஞ்சை இழைகளும் மண்ணைப் பொரிப்பொரியாக ஒட்டி வைக்கும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு பழைய டப்பாவை மண்ணில் இரண்டு விரல்கடை இறக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, வற்ற எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். டிராக்டர் ஓடும் பாதையில் ஒரு தடவை, தொழு உரம் போட்ட வயலில் ஒரு தடவை, மரத்தடிச் சருகில் ஒரு தடவை. பிள்ளைகள் செய்து பார்த்தால் பாடம் மறக்காது.

கோடை மழை பெய்தவுடன் சரிவுக்குக் குறுக்கே உழுது போடுங்கள். வரப்பை உயர்த்திக் கட்டுங்கள். தாழ்வான மூலையில் நூறடிக்கு நூறடி, ஐந்தடி ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால், கரைச் சரிவு போக ஒரு நிறைவுக்கு 12 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஊர் ஏரியில் வண்டல் படிந்து தரை அடைத்துப்போயிருந்தால், அனுமதி பெற்று அதை அள்ளி வயலில் போடுங்கள். வயலுக்கு உரம், ஏரியில் தண்ணீர் இறங்கவும் வழி. ஓடைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடுவதானால், ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக மட்டும் விடுங்கள். சேற்றுத் தண்ணீரை நேரே விட்டால் ஊற்றுக்கண் அடைபடும். பூச்சிமருந்தும் அழுக்கும் குடிக்கிற தண்ணீரில் கலந்துவிடும்.

போர் போடத்தான் வேண்டுமென்றால், வண்டிக்குச் சொல்வதற்கு முன் நான்கு விவரம் எழுதுங்கள். கால் மைல் சுற்றளவில் எத்தனை போர் இருக்கிறது? ஒவ்வொன்றும் எத்தனை அடி? எத்தனை அடியில் தண்ணீர் வந்தது? போட்ட வருஷம் ஓடினது போல இப்போதும் ஓடுகிறதா? நான்காவது கேள்விக்குப் பதில் "இல்லை" என்று நிறைய வந்தால், உங்கள் போருக்கும் அதே கதி என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் பாதி போதும், பழைய கிணற்றைத் தூர் எடுத்து, வரப்பும் குட்டையும் போட்டு, சொட்டு நீர்க் குழாயும் இழுக்கலாம்.

கடைசியாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மாதம் ஒருநாள், மோட்டார் போடுவதற்கு முன்னால், காலையில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நேர்ச் சுவர் உள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு மழையையும் அளவுகோல் வைத்து அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். ஒரு வருஷம் முடிந்ததும் எந்த மழைக்குக் கிணறு ஏறியது, எந்தப் பயிருக்கு எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அடுத்த போகத்துக்கு என்ன பயிர் என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்த நோட்டை அப்பா அம்மாவிடம் எடுத்துக் காட்டுங்கள்.